எல்லாருக்கும் சௌகரியமா

ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை. சொல்லிவிடுகிறேன். அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. யார் வேலைக்கும் உலை வைத்ததில்லை. என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். இன்டர்வியூவில் என் விலாசத்தில் தாராவி என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அட, மாதுங்காவுக்குப் பக்கத்துலன்னா இருக்கே, நடந்தே வந்துடலாமே" என்றார். தாராவி என்றதும் முகம் மாறுகிற ஆட்களையே பார்த்துப் பழகியிருந்த எனக்கு அன்றைக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நடந்தே வரலாம் என்று அவர் சொன்னது அவருடைய வீட்டுக்கு. ஆபீஸ் குர்லாவில் இருந்தது.

நல்ல வார்த்தை முடிந்தது.

நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போட்டு அவருக்கு ஒரு மரியாதை செய்ய எனக்கு இஷ்டமில்லை, பெயரைப் போட்டுச் சந்தி சிரிக்க வைக்கவும் இஷ்டமில்லை. ஆள் எப்போதும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவராக இருப்பார். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிசாக ஒரு கீற்று விபூதி. எதைத் தொடங்கினாலும் முதலில் உள்ளங்கைகள் இரண்டையும் தேய்த்துக்கொள்வார். தேய்த்துவிட்டு, "எல்லாருக்கும் சௌகரியமா ஒண்ணு பண்ணிடலாம்" என்பார். அந்த வாக்கியம் வந்தால் கதை முடிந்தது. அடுத்து அவர் சொல்லப்போவது அவர் ஒருவருக்கு மட்டுமே சௌகரியமாக இருக்கும். கொடுமை என்னவென்றால், அது அவருக்கே தெரியாது. தனக்கு எது வசதியோ அதுதான் ஊருக்கும் வசதி என்று மனதார நம்பினார். ஏமாற்றுக்காரனாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். மனதார நம்புகிறவரை என்ன செய்வது?

வருஷத்துக்கு ஒரு தடவை டீமுக்கு விருந்து உண்டு. சாரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். ஒருவர் தாணே, ஒருவர் செம்பூர், முலுண்டிலிருந்து வரும் ஓர் அக்கா, தாராவியிலிருந்து நான். "எல்லாருக்கும் நடுவுல ஒரு இடமாப் பாத்துடலாம்" என்று சார் கைகளைத் தேய்த்தார். நடுவில் அமைந்த இடம் மாதுங்காவில், அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை, பாதி லோக்கல் ரயில்கள் ஓடவில்லை. தாணேக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சார் இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தார். "நீங்க வரதுக்குள்ள ஆறிடப்போறதேன்னு ஆரம்பிச்சுட்டோம்" என்றார். சொன்ன முகத்தில் அக்கறைதான் இருந்தது.

பிறந்தநாளும் அப்படித்தான். அவர் விரதம் இருக்கும் நாளில் டீமில் யாரும் பிறந்திருக்கக் கூடாது. ஒரு வருஷம் என் பிறந்தநாள் ஏகாதசியில் வந்தது. அதைத் தள்ளிவைத்து, செம்பூர்க்காரரின் பிறந்தநாளோடு சேர்த்து ஒரே கேக்கில் முடித்தார். இரண்டு பெயர் எழுத இடம் போதாது என்று கேக்கில் 'டீம்' என்று எழுதச் சொல்லியிருந்தார். மெழுகுவத்தியை ஊதியதும் அவரேதான். நானும் செம்பூர்க்காரரும் யார் ஊதுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோமாம், உருகிக் கேக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று ஊதிவிட்டாராம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரங்கள். காலண்டர் வருகிறவரை சிரித்துவிட்டுத்தான் போனோம்.

எங்கள் கம்பெனி கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் விற்றது. வாங்கின கடைக்காரர்களுக்கு அதை ஓட்டுவது எப்படி என்று வீடியோ காலில் காட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. குர்லா ஆபீஸுக்கு வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் போனால் போதும், மற்ற நாள் அவரவர் வீட்டிலிருந்து. கடைக்காரர் போன் செய்வார், எங்கள் வாட்ஸப் குழுவில் 'யார் ஃப்ரீ?' என்று ஒரு கேள்வி விழும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். ஒரு நாள் ஒரே கடைக்கு இரண்டு பேர் போய் நிற்போம், மறுநாள் இன்னொரு கடைக்கு யாருமே போகமாட்டோம். திட்டு வாங்கி அலுத்துப்போய், ஐந்து பேருடைய காலண்டரையும் ஒன்றாகக் கோத்துவிடுவது என்று ஹெட் ஆபீஸ் முடிவு செய்தது. கடைக்காரருக்கு ஒரே ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் எங்களில் யாராவது ஒருவருக்காவது காலியாக இருக்கிற நேரங்கள் மட்டும் அவருக்குத் தெரியும். தோதான நேரத்தை அவர் தொட்டதும், அப்போது யார் காலியோ அவர் தலையில் அந்தக் கால் தானாக வந்து விழும்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டு டீமிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். எனக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரம் நான் காலி இல்லை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பூட்டிவிடலாமே என்று நினைத்தேன்.

பூட்டும் வேலையை சார் குர்லா ஆபீஸில் எல்லோரையும் வைத்துக்கொண்டு தொடங்கினார். அவருக்குக் கம்ப்யூட்டரில் அவ்வளவு பழக்கமில்லை. "நீ கிளிக் பண்ணும்மா, நான் சொல்றேன்" என்று என்னை முன்னால் உட்காரவைத்தார். பெரிய திரையில் ஐந்து பேருடைய வாரமும் கட்டம் கட்டமாக விரிந்தது. சார் கைகளைத் தேய்த்தார்.

"செவ்வாய்க்கிழமை மூணுலேர்ந்து நாலரை, எல்லாருக்கும் குளோஸ் பண்ணு. புதன்கிழமை பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை. வியாழன் ஒண்ணரைலேர்ந்து மூணு. வெள்ளி பத்தரைலேர்ந்து பன்னண்டு."

என் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியிலும் தினமும் கீழே அச்சடித்திருப்பது இதே நேரங்கள்தான்.

"சார், இது ராகு காலம்லா?" என்று கேட்டேன்.

தாணேக்காரர் மராத்திக்காரர், தமிழ் ஓரளவு தெரிந்தவர், இது மட்டும் அவருக்குப் புரியவில்லை. முலுண்ட் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் குரலைத் தணித்து, "இன்டர்னல் ரிவ்யூன்னு பேர் போடும்மா. எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்" என்றார்.

போட்டேன். என் கையால்தான் போட்டேன். ஹெட் ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டு, தினமும் வெவ்வேறு நேரத்தில் ஒன்றரை மணி நேரம் தங்கள் வேலையைத் தாங்களே சரிபார்க்கிற டீம் என்று எங்களைப் பாராட்டி எல்லா ஊருக்கும் மெயில் போட்டார்கள். சார் அந்தப் பாராட்டை வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டார். கோயமுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மட்டும்தான் கண்டுபிடித்தார். காலில் வந்ததும் என்னிடம், "ஏனுங்க, உங்க ஆபீஸ்ல யாரோ ராகு காலம் பாக்கறவரு இருக்காருங்களா? நல்லதுங்க, எனக்கும் அதுதான் தோது" என்றார். சாரிடம் அதைச் சொன்னேன். "பாத்தியா, நான் சொல்லலே?" என்றார். அவருடைய சௌகரியத்துக்கு எங்கிருந்தாவது ஒரு துணை கிடைத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு ராகுவோடு தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. எங்கள் அம்மாவும் அந்த நேரத்தில் ஒரு புதுப் பாத்திரத்தைக்கூட அடுப்பில் ஏற்றமாட்டாள். என் வயிற்றெரிச்சல் வேறு. பகலில் ஒன்றரை மணி நேரத்தை மூடிவிட்டால் கடைக்காரர்கள் எங்கே போவார்கள்? சாயங்காலத்துக்குத்தான் வருவார்கள். எங்கள் சந்தில் தண்ணீர் வருவது சாயங்காலம் ஐந்தரைக்கு.

தாராவியில் எல்லாச் சந்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வராது. சில இடத்தில் விடியற்காலையில் வரும், எங்களுக்குச் சாயங்காலம். ஒரு மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. ஒரு குழாய்க்கு ஐந்தாறு வீடு. நம் முறை வரும்போது நாம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் அடுத்த வீட்டுப் பைப் ஏறிவிடும். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே இன்னோர் அறை. காலண்டர் வந்த சமயத்தில் அம்மா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் போட்ட தையல் போய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் ஆபீஸ் போகிற திங்கட்கிழமைகளில் பக்கத்து வீட்டு மதினி எங்களுக்கும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள். தினமும் அவர்களைக் கேட்க முடியாது. அவர்களுக்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

அதனால் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை என்னுடைய கட்டத்தை மட்டும் பூட்டினேன். என்ன பெயர் போடுவது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தண்ணீருக்காகப் பூட்டியதற்குத் 'தண்ணீர்' என்றுதானே பெயர் போட முடியும்? அதை ஆங்கிலத்தில் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சார் எல்லோர் முன்னாலும் திரையில் காலண்டரை ஓட்டிக்கொண்டே வந்தார். என் வரிசையில் வந்து நின்றார்.

"இது என்னம்மா, வாட்டர்னு போட்டிருக்கே? தண்ணி குடிக்கவா ஒரு மணி நேரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். செம்பூர்க்காரர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"தண்ணி வார நேரம் சார். புடிக்கணும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்குல்லா, தூக்கக் கூடாது."

"அடடா. ஒரு டாங்க் வெச்சுக்கக் கூடாதோ? எங்க சொசைட்டில எல்லாம் மொட்டை மாடில டாங்க்தான். எப்பத் தொறந்தாலும் வரது."

"எங்க வீட்டுக்கு மேல மொட்டை மாடி இல்ல சார். இன்னொரு வீடு இருக்கு."

அதற்கும் சிரிப்பு. நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இல்லம்மா, பர்சனல் விஷயத்தையெல்லாம் காலண்டர்ல போட்டா நன்னா இருக்காது. ஹெட் ஆபீஸ்ல பாக்க மாட்டாளா? நாளைக்கு எல்லாரும் காய் வாங்கணும், துணி துவைக்கணும்னு போட ஆரம்பிச்சுட்டா?" என்றபடி அவர் அந்தக் கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழித்தார். கிளிக் பண்ணத் தெரியாது என்றவருக்கு அழிக்க நன்றாகத் தெரிந்திருந்தது. "இனிமே புதுசா பிளாக் போடறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கோ. எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்."

ராகு காலம் எந்த ஊரில் ஆபீஸ் விஷயம் என்று வாய் வரை வந்தது. வேலை வேண்டுமே, விழுங்கிக்கொண்டேன். ராகுவுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்க முடிந்தவருக்குத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க மனம் வரவில்லை. அதை இப்போது எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் முலுண்ட் அக்கா என் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போனார்.

"அசடு. தண்ணின்னு யாராவது போடுவாளா? டாக்குமெண்டேஷன்னு போட்டிருக்க வேண்டாமோ? நான் மத்தியானம் தூங்கறதையே கிளையண்ட் பிரிப்பரேஷன்னுதான் போட்டு வெச்சிருக்கேன். அந்த செம்பூர்க்காரன் ஜிம்முக்குப் போறான், அதுக்குப் பேர் ஃபாலோ அப். சாயங்காலத்தை எல்லாரும் இப்படி ஏதோ ஒரு பேர்ல மூடித்தான் வெச்சிருக்கா."

"இப்போ மாத்திப் போடலாமாக்கா?"

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "இப்போ எப்படிப் போடுவே? கேட்டுட்டுத்தான் போடணும்னுட்டாரே."

ஆக, பொய்ப் பெயரில் முன்பே பூட்டியிருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். நிஜப் பெயர் போட்டவளுடைய சாயங்காலம் மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. யார் காலியோ அவருக்குத்தான் கால் போகும் என்று சொன்னேனே, ஐந்தரை மணிக்குக் காலியாக இருந்தது நான் ஒருத்திதான். சூரத்திலும் நாக்பூரிலும் கடை வைத்திருந்த அத்தனை பேரும் கல்லாவில் கூட்டம் சேருவதற்கு முன்னால் என்னிடம் வந்தார்கள். மெஷின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அது சொன்னதைச் செய்தது.

நான் கேட்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மெசேஜில் கேட்டேன், 'பாக்கலாம்மா' என்று பதில் வந்தது. போனில் கேட்டேன், "இந்த வாரம் போகட்டும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "நீ கவலையே படாதே. எல்லாருக்கும் சௌகரியமா ஒண்ணு பண்ணிடலாம்" என்று கைகளைத் தேய்த்தார். அந்த வாரம் கால்கள் இன்னும் இரண்டு கூடின. காலுக்கும் காலுக்கும் நடுவே ஓடி ஓடிப் பாதி டிரம் பிடித்தேன். அந்தப் பாதித் தண்ணீரை வைத்து அம்மாவும் நானும் எப்படிச் சமாளித்தோம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் மூன்று முதல் நாலரை வரை ராகு, அதற்கப்புறம் மூச்சுவிட நேரமில்லாமல் கால்கள். மேல் அறையில் உட்கார்ந்து ஒரு மளிகைக் கடைக்காரருக்குச் சரக்குக் கணக்கு ஏற்றுவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். கீழே பைப் இழுபடுகிற சத்தம் கேட்டது. மதினி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிடிக்கிற ஹண்டாப் பாத்திரம் கீழே விழுந்து உருளுகிற சத்தம். கடைக்காரரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

அம்மா வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீரா வேறெதுவுமா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா தூக்குன? நான் வரமாட்டனா?"

"முறை போயிரும்லா, ஏட்டி" என்றாள் அம்மா.

ஆட்டோவில் மதினி மடியில் அம்மாவைக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் போன் அடித்தது. சார் மெசேஜ் அனுப்பியிருந்தார். 'கால் நடுவுல டிராப் ஆயிடுத்தாமே? கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் பண்றார். நெட்வொர்க்கை சரி பண்ணிக்கோம்மா.' அதைப் படித்தபோது நான் அழவில்லை. போனைத் தூக்கி ரோட்டில் எறிந்துவிடத்தான் தோன்றியது.

தையல் போய்விட்டது என்றார்கள். உள்ளே வைத்த வலை நகர்ந்துவிட்டதாம். அன்றைக்கே இரண்டாவது ஆபரேஷன். இனிமேல் மூன்று மாதம் என்ற பேச்சே இல்லை, ஆயுசுக்கும் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். வீடுகளில் சமையல் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தவள். அந்த வேலைக்கு இனிப் போக முடியாது என்பதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

சார் பார்க்க வந்தார். வராமல் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன் என்றுகூட நினைக்கிறேன். கையில் ஒரு பை சாத்துக்குடி. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வார்டைச் சுற்றிப் பார்த்தார். நான் தலைமாட்டில் நின்றேன்.

"உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிம்மா. கடைக்காராள்லாம் சாயங்காலம் அவகிட்டத்தான் வரா" என்றார் அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். குரல் மெல்லிசாகத்தான் வந்தது. "எம் புள்ளைக்குச் சாயந்தரம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுக் குடுத்துருங்க ஐயா. தண்ணி புடிக்கணும். நான் இனிமே தூக்கவே கூடாதுன்னுட்டாவ."

"அதுக்கென்னம்மா" என்றார் சார். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே. வாயைத் தொறந்து கேக்க வேண்டாமோ?"

"கேட்டேன் சார்" என்றேன்.

"எங்கிட்டயா? எப்போ?"

கேலியில்லை, நடிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். அவர் ஞாபகத்தில் அது இல்லை. நான் அனுப்பிய மெசேஜ் அவர் போனில் இருந்தது, என் போனிலும் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டினால், "அடடா, ஆமாம்" என்பார். அந்த அடடாவைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை.

"போனது போகட்டும், இப்பவே போட்டுடறேன்" என்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு போனை எடுத்தார். தட்டித் தடவி ஏதோ செய்தார். திரையை அம்மாவின் முகத்துக்கு நேராகக் காட்டி, "பாருங்கோம்மா, உங்க பொண்ணுக்கு தினமும் ஒரு மணி நேரம். யாரும் தொட முடியாது" என்றார்.

அம்மா டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையையும் தூக்கி அவரைக் கும்பிட்டாள். திருடிக்கொண்டு போனவன் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டால் அதற்கும் கும்பிடு போடுகிற எங்கள் புத்தியின் மேல், அவர் மேல் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. குனிந்து திரையைப் பார்த்தேன். நாலிலிருந்து ஐந்து வரை பூட்டியிருந்தார். செவ்வாய்க்கிழமை அதில் பாதி, முன்பே ராகுவுக்குக் கொடுத்த நேரம்.

"தண்ணி அஞ்சரைக்குத்தான் வரும் சார்."

"அஞ்சரை கஷ்டம்மா. கஸ்டமர் கேக்கற டைம் அதுதானே. நாலுலேர்ந்து அஞ்சுன்னா எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்."

அம்மா கும்பிட்ட கைகளை மெதுவாகக் கீழே இறக்கினாள். ஊசி குத்திய கையைப் பத்திரமாக வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்தத் தண்ணி விடுதவன்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க ஐயா" என்றாள். "நாலு மணிக்கே தொறந்து விட்டுரச் சொல்லி."

சார் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா நன்னாப் பேசறா" என்றார் என்னிடம். எங்கள் அம்மா தமாஷ் பண்ணுகிறவள் இல்லை. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், அவளுக்குத் தணியும். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியும்.

"சார், நீங்க கெளம்புங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "விசிட்டிங் டைம் இன்னும் இருக்கேம்மா? ஆறு மணி வரைக்கும்னு வாசல்ல போட்டிருக்கே."

"அது மத்தவங்களுக்கு சார். உங்களுக்கு முடிஞ்சு போச்சு."

அம்மா என்னைத் தடுக்கவில்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.